மலைக்குளத்துத் தாத்தா

"இண்டைக்கு அந்த மனிசன்ட பேக்கு வாசல்லதான் கிடக்கும், தாத்தா. வீடு என்ட பேரில இரிக்கி. ஆரிட்டயும் கேக்கத் தேவல்ல."

ஓட்டோ மேட்டில் ஏறியது. ஹப்ஸா முன்கம்பியை முறித்துவிடுவதுபோலப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அவள் தாத்தா என்று கூப்பிடும் மூத்த சகோதரி ஜெமீலா, சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

கல்முனையில் புறப்படும்போதே ஜெமீலா தடுத்துப் பார்த்தாள். "வேணாம் புள்ள, ஆம்புளயள் போற இடத்தில நாம போய் நிண்டா நல்லாரிக்காது" என்றாள். ஹப்ஸா கேட்கவில்லை. தனியே போகவும் பயம். கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டாள்.

நாட்டுச் சண்டை முடிந்து, பாதைகள் திறபட்ட நாள்முதல் ஹப்ஸாவின் கணவன் பஸாலுக்கு இந்த மலைக்குளம்தான் உலகம். மாரியில் அருவிக்குக் கீழே குளித்தது, கச்சான் காற்றில் தோணி கவிழப் பார்த்தது, தண்ணீர் வற்றிய தரையில் கூடாரமடித்து யானைகள் புல் மேய்வதைப் பார்த்துக்கொண்டே மீன் சுட்டுத் தின்றது என்று வந்து வந்து சொல்வான். "என்னையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போங்களன்" என்று கேட்டால், "பொம்புளயளுக்குத் தோதான இடமில்ல" என்று முடித்துவிடுவான்.

நேற்று அவனுடைய போனில் ஒரு படம் கிடைத்தது. கூடாரத்துக்குள் இரண்டு பாய்கள். வெளியே இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள்.

"கூட்டாளிமாரோட போறாராம்" என்றாள் ஹப்ஸா. "கூட்டாளிமார் எல்லாரையும் கேட்டுட்டன். ஒருத்தனும் இந்தக் குளத்தக் கண்ணாலயும் கண்டதில்லயாம். அப்ப அந்த ரெண்டாவது பாய் ஆர்ர?"

"சும்மா இரி புள்ள. ஓட்டோக்காரன் கேக்கான்."

"கேக்கட்டும். வாப்பா மட்டும் ஊர்ல இருந்தா இந்நேரம் அவர்ர சட்டையப் பிடிச்சிருப்பார். அவர் பாவம், மூணு நாள் ஜமாஅத்தில போயிட்டார்."

ஜெமீலாவின் மாப்பிள்ளையையும் அவள் வீட்டையும் சுனாமி கொண்டுபோன நாளிலிருந்து, அவர்களுடைய வாப்பா வலையைத் தொடவில்லை. கடற்கரைப் பக்கமே திரும்பவில்லை. பள்ளிவாசலும், மாதாமாதம் மார்க்கம் சொல்ல ஊரூராகப் போகும் ஜமாஅத்தும்தான். அவர் சிரித்துப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

பாதை முடிந்த இடத்தில் ஓட்டோ நின்றது. கீழே குளம், மலைகளுக்கு நடுவில் அசையாமல் கிடந்தது. ஹப்ஸா அதன் அழகைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று இறங்கினாள்.

"பாத்து இறங்கு" என்றாள் பின்னால் வந்த ஜெமீலா. "இந்தப் பாறையெல்லாம் மாரியில தண்ணிக்குள்ள கிடக்கிற. வழுக்கும்."

"வழுக்கி விழுந்து மௌத்தாப் போனா அவருக்கு லேசு" என்றாள் ஹப்ஸா.

கரையில் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து குளத்தோரம் குடியேறியவன் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. அந்நிய ஆணைக் கண்டதும் ஜெமீலா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"கல்முனை பஸால் இஞ்ச வாறவரா?" என்று கேட்டாள் ஹப்ஸா.

"மாசம் தவறாம வருவாருங்களே. மழையாவது, வெயிலாவது."

"ஆரோட?"

"அநேகமா தாத்தாவோடதாங்க."

ஹப்ஸாவுக்குத் தெரிந்த தாத்தா ஒருத்திதான். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"கேட்டயளா? இவர் என்ன செல்றார் எண்டு கேட்டயளா?" குரல் வெடித்தது. "வீடு வாசல் கடலோட போய் நிண்ட உங்கள என்ட வளவுக்குள்ள கொண்டு வெச்சன். என்ட சட்டியில சோறு போட்டன். எல்லாம் எதுக்கு? அந்த ரெண்டாவது பாய விரிக்கவா?"

தோணிக்காரன் பதறிப்போனான். "அம்மா, நான் ஏதும் தப்பா..."

"நீங்க உண்மையத்தான் சென்ன. இனிக் கதைக்க வேணாம்." ஹப்ஸா மறுபடி தமக்கையிடம் திரும்பினாள். "ஊருல வேற ஆம்புள இல்லயா உங்களுக்கு? தங்கச்சிர மாப்பிள்ளதான் கிடைச்சாரா?"

சோற்றுப் பார்சல் ஜெமீலாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்படியே பாறையில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழுங்க. நல்லா அழுங்க. இண்டைக்கு வாசல்ல ஒரு பேக்கு இல்ல, ரெண்டு பேக்கு கிடக்கும்."

அப்போது முனையைத் தாண்டி ஒரு தோணி வந்தது. பஸால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். முன்னால் தொப்பி போட்ட கிழவர் ஒருவர், சாரனை மடித்துக் கட்டியபடி, துள்ளுகிற மீனொன்றைத் தூக்கிப் பிடித்துச் சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தோணிக்காரன் ஹப்ஸாவின் அருகே வந்து, தணிந்த குரலில் சொன்னான். "அந்தா வாறாரே, அவருதாங்க தாத்தா. பஸால் ஐயாவோட மாமனாராம்."

வாப்பா.

தோட்டப் பக்கத்தில் கிழவரைத்தான் தாத்தா என்பார்கள் என்பது அப்போதுதான் ஹப்ஸாவின் மண்டையில் ஏறியது. அவ்வளவு கோபமும் திரும்பி அவள்மேலேயே விழுந்தது. தாய்க்குச் சமமானவளை, அதுவும் அந்நியன் முன்னால், என்னவெல்லாம் கேட்டுவிட்டாள்.

அவள் ஓடிப்போய்ப் பாறையருகே மண்டியிட்டாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடி, ஜெமீலாவின் கைகளைப் பற்றினாள்.

ஜெமீலா குளத்தைப் பார்க்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"நான் ரெண்டு தரந்தான் வந்தன், புள்ள."