மேல்வீட்டுக் கம்பளம்

கார்ட்டியர்வில் அடுக்குமாடியில் மேல்வீட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கீழ்வீட்டுக் கனகமணி படியேறி வந்து கதவைத் தட்டுவாள். "மேசை கதிரையை இழுக்காதேங்கோ, தலையிடிக்குது!"

அந்தத் தொல்லை தாங்காமல் மேல்வீட்டு றெனோல்ட், மொரோக்கோவில் கையால் நெய்த தடித்த பழைய பேர்பர் கம்பளம் ஒன்றை வாங்கிவந்து விரித்தான்.

"பிடிச்சிருக்கோ?" என்று மனைவி அனோஜினியைக் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்த கோயில் ஆட்கள் கம்பளத்தைத் தடவிப் பார்த்து, "உனக்கு நல்ல மனுசன் வாய்ச்சிருக்கு" என்றார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கனகமணி அனோஜினியைப் படிக்கட்டில் கண்டாள். "இப்ப ஒரு சத்தமும் இல்லை, பிள்ளை. நிம்மதி."

அனோஜினி அவளுடைய கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் தட்டினாத்தான் அவர் அடிக்கிறதை நிப்பாட்டுறவர். இனிச் சத்தம் கேக்காட்டிலும் வந்து தட்டுங்கோ."