புதுசா மீன் ஏதாவது விட்டீங்களா?

"குளத்துல புதுசா மீன் ஏதாவது விட்டீங்களா?"

மீன் டாக்டரம்மாவின் இந்தக் கேள்விக்கு மட்டும் போனில் பதிலைக் காணோம்.

அதுவரை எல்லாம் டாண் டாண் என்றுதான் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் இரண்டு பேர். ஒருவர் வீட்டுக்குப் பெரியவர். இதய ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். இன்னொருத்தி அவருடைய மருமகள்.

குளம் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், எத்தனை மீன், என்ன தீனி, தண்ணீர் எப்போது மாற்றியது, ஃபில்டர் ஓடுகிறதா, நீங்களாக ஏதாவது மருந்தை ஊற்றி வைத்தீர்களா... ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்கள்.

"சுவத்துல போய் உடம்பைத் தேய்க்குது டாக்டர். தீனியைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்று மருமகள் பதறினாள். அப்படிப் பதறியவள்தான் இந்தக் கேள்விக்கு ஊமையாகிவிட்டாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? புது மீன்?"

"இல்ல டாக்டர். விடல."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"அதான் இல்லைன்னு சொல்லுதுல்ல? அடுத்ததைக் கேளுங்க!" என்று பெரியவர் வள்ளென்று விழுந்தார்.

டாக்டருக்கும் கோபம் வந்தது.

"ஐயா, மீன் வாயைத் திறக்கும், பேசாது. நீங்கதான் பேசணும். தண்ணி கெட்டிருந்தா ஒரு வைத்தியம். புது மீனோட ஒட்டுண்ணி வந்திருந்தா வேற வைத்தியம். மாத்திக் குடுத்தா குளமே காலி. யோசிச்சுட்டுக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டார். மீன்கள் மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. மீன் வளர்க்கிறவர்கள் மேல்தான். ஊர்க் கதையெல்லாம் சொல்வார்கள், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் முழுங்கிவிடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வேறு நம்பர். பின்னால் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், நான்தான். இப்பப் பேசினேனே, அந்த மருமக."

"சொல்லும்மா."

"விட்டேன் டாக்டர். ஒண்ணே ஒண்ணு."

"இதை அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"மாமா பக்கத்துல இருந்தார். அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப தொப்பிக்காரி செத்துப்போச்சு."

"யாரது?"

"வெள்ளை மீன். தலையில மட்டும் சிவப்பா, தொப்பி வெச்ச மாதிரி இருக்கும். மாமாவுக்கு அதுன்னா உசுரு. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைத் திறந்ததும் 'தொப்பிக்காரி எப்படி இருக்கா'ன்னுதான் கேட்டார். பக்கத்துல நின்ன சொந்தப் பிள்ளையைக் கூட விசாரிக்கல. 'நல்லா இருக்கா மாமா'ன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் கடை கடையா ஏறி இறங்கி அதே மாதிரி ஒண்ணைப் புடிச்சுக் கொண்டுவந்தேன்."

"வாங்கின மீனைக் கொஞ்ச நாள் தனித் தொட்டியில வெச்சுப் பாத்துட்டுத்தான் குளத்துல விடணும்னு கடையில சொல்லலையா?"

"சொன்னாங்க. ஆனா மறுநாளே மாமா வீட்டுக்கு வந்துட்டார். தொப்பிக்காரி எதுக்குத் தொட்டியில இருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவேன்?" அழுதேவிட்டாள். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். இப்பத்தான் தேறி வர்றார். மனசு விட்டுடுவார்."

டாக்டருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சொல்ல மாட்டேன், அழாத. நல்ல நேரத்துல சொன்ன. மருந்தோட நானே வரேன். பழைய மீனெல்லாம் பிழைச்சிடும். அந்தப் புது மீனுக்குத்தான் முத்தியிருக்கும். பாக்கலாம்."

மருந்துப் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைப்பதற்குள் மறுபடியும் போன். இந்தத் தடவை பழைய நம்பர். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். குளியலறைக்குள் நின்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"டாக்டரம்மா, நான் குளத்துக்காரன். அப்பக் கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க தோண்டித் தோண்டிக் கேட்டா அந்தப் பொண்ணு உடைஞ்சிடும்னுதான் குறுக்க விழுந்தேன். குளத்துல ஒரு புது மீன் இருக்கு."

டாக்டர் பையை அப்படியே கீழே வைத்தார்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"என் தொப்பிக்காரி என் கையில வாங்கித்தான் திங்கும். இது என் கையைக் கண்டாலே ஓடுது. வீட்டுக்கு வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. மருமகளைத் திரும்பிப் பாத்தேன். 'உங்களைப் பாக்காம அவளுக்குக் கோவம் மாமா'ங்குது. பொய்யை ஒழுங்கா சொல்லக்கூட வரல, பாவம். எனக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்லிடாதீங்கம்மா."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"சொல்லலைங்க. நீங்க வளர்த்த மீனையெல்லாம் காப்பாத்திடலாம். அந்தப் புதுசுதான் கொஞ்சம் சந்தேகம்."

அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் இன்னும் கூடியது. பிறகு பெரியவர் சொன்னார்:

"நான் வளர்த்ததுங்க போனாக்கூட மனசைத் தேத்திக்குவேன் டாக்டரம்மா. அந்தப் புதுசை மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுத்துடுங்க. இல்லாட்டி அந்தப் பொண்ணு எனக்காக மறுபடியும் கடை கடையா அலையும்."