ஒருவன் மட்டும் போகலாம்

மாலி நாட்டுத் தீவிரவாதிகளிடம் ஏழு மாதம் பிணைக்கைதியாக இருந்துவிட்டு, சித்தார்த்தன் மட்டும் மரக்காணம் திரும்பியிருந்தான். அவனோடு அங்கே வேலைக்குப் போய்ப் பிடிபட்ட கலையரசனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

வந்ததிலிருந்து சித்தார்த்தன் உப்பளமே கதியென்று கிடந்தான். வீட்டுக்குள் கண்ணை மூடினால் அடைத்து வைத்திருந்த கொட்டகையும் துப்பாக்கிகளும் வந்து நின்றன. பத்தாம் நாள் கலையரசனின் மனைவி ரேணுகா, பெருமுக்கலிலிருந்து சின்ன மகளை அழைத்துக்கொண்டு உப்பளத்துக்கே வந்துவிட்டாள்.

“சண்டை போட வரலண்ணா. அவரு எப்படி இருக்காருன்னு சொல்லுங்க, போதும்.”

“நான் கிளம்புறப்ப நல்லாத்தாம்மா இருந்தாரு.”

“அப்ப உங்கள மட்டும் ஏன் விட்டாங்க?”

சித்தார்த்தன் உப்பு வாரும் பலகையைப் பாத்தி வரப்பில் சாய்த்து வைத்தான்.

“கொழந்த இருக்கறவன் ஒருத்தன் மட்டும் போலாம்னாங்க.”

“அவருக்குத்தானே கொழந்த இருக்குது? உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே.”

சித்தார்த்தன் சட்டைப் பையிலிருந்து கசங்கிய போட்டோ ஒன்றை எடுத்து நீட்டினான். அதில் ரேணுகாவின் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவரு தூங்கினு இருந்தாரும்மா. இத அவர் சட்டையிலேர்ந்து எடுத்துட்டுப் போய், என் பொண்ணுன்னு சொல்லிட்டேன்.”