கண்ணுக்கு வந்த புழு

ஞானதுரையின் இடது கண் குத்து வாங்கியது போல வீங்கி மூடிக்கிடந்தது. அந்தக் கண்ணோடுதான் அவன் விம்கோ நகர் மார்க்கெட்டில் ஆவுடையம்மாளின் மீன் டப்பை எட்டி உதைத்தான். தண்ணீர் தெருவில் தெறித்தது. உள்ளே விரால்கள் வெறிபிடித்தது போலத் துள்ளின.

சனிக்கிழமை சாயங்காலம். குடித்துவிட்டு எங்கோ அடி வாங்கியவன் மீன்காரியிடம் வம்புக்கு வந்திருக்கிறான் என்றுதான் கூட்டம் நினைத்தது. ஒருத்தன் அதை வாய்விட்டே சொன்னான்.

"எவன்டா குடிச்சிக்கீறான்? வந்து மோந்து பாரு" என்று ஞானதுரை அவன் மூஞ்சியில் ஊதிக் காட்டினான்.

அது யாரும் அடித்த வீக்கமில்லை. முதலில் வயிற்றில் எழும்பியது, பிறகு கழுத்துக்குப் போனது, இப்போது இமைக்கு வந்து நிற்கிறது. தோலுக்கடியில் புழு ஊர்கிறது, ஏரி குளத்து மீனிலிருந்து வந்தது, விழிக்குள் இறங்கினால் பார்வை போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் காலையில்தான் சொல்லியிருந்தார்கள். அவன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் டிரைவர். ஒற்றைக் கண்காரன் கையில் எவன் சாவியைக் கொடுப்பான்?

அவன் வீட்டுக்கு ஏரி மீன் வந்தது ஆவுடையம்மாளிடமிருந்து மட்டும்தான். "புழு மீன வித்து என் கண்ண கெடுத்துட்டா. இவ இனிமே இங்க குந்தக் கூடாது பாய்" என்று காஜா மொய்தீனைப் பார்த்துக் கத்தினான்.

காஜா மொய்தீனின் கயிற்றுக்கடை வாசல்தான் ஆவுடையம்மாளின் கடை. அவர் எழுந்து போ என்று சொல்லிவிட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. அந்த மார்க்கெட்டில் ஒரு முழத் தரைக்குக்கூட ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ஆவுடையம்மாள் அழுகிற ரகமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா நைனா, கொதிக்கிற கொழம்புல எந்தப் புழு நீச்சலடிக்கும்? இந்தத் தெருவே என் மீன துன்னுது. உன் வூட்லயே நாலு பேரு கீறீங்க, உனுக்கு மட்டும் இன்னா தனி கவனிப்பு?"

கூட்டம் சிரித்தது. ஞானதுரைக்கு இன்னும் ஏறியது. தன் பெண்டாட்டி எதையும் கரியாகாமல் வாணலியிலிருந்து எடுக்கமாட்டாள், அவள் சமையலைக் குறை சொன்னால் பல்லைக் கழற்றிவிடுவேன் என்றான்.

பெண்டாட்டி பெனிஷா அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். மாத்திரைக் கவரை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"நீயே சொல்லு பெனிஷா" என்றாள் ஆவுடையம்மாள். "சனிக்கெழமையானா வந்து, உசுரோட கீற குஞ்சா பாத்து ஒரு கையளவு வாங்கினு போவியே. இப்ப கொஞ்ச மாசமாத்தான் இந்தப் பக்கமே காணோம். வேக வெச்சியா, இல்லியா?"

பெனிஷா தரையைப் பார்த்தாள். "வாங்க, போலாம்" என்று புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான்.

சரக்கு உள்ளே போனவனுக்கு எது வெந்தது எது வேகாதது என்று எப்படித் தெரியும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுதான் ஞானதுரைக்குப் பொறுக்கவில்லை.

"டேய், வுட்டு மாசக்கணக்காவுது. கிளாஸ்ல ஊத்தி, ஊறுகாய நாக்குல வெச்சா போதும், கொடலே வெளிய வந்துரும். வாராவாரம் வாந்தி. அத்தோட சரி, தலமுழுகிட்டேன். கர்த்தர் என்னத் தொட்டாரு. சபையில ஏறி சாட்சி சொல்லிக்கீறேன், போய்க் கேளு."

 குடியை விட்டு மனுஷனாகிற நேரத்தில் கண்ணைப் பிடுங்குகிறாளே இந்தக் கலீஜ் மீன்காரி என்று அவன் பொருமியதில், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். புழு என்று காதில் விழுந்ததுமே இரண்டு பெண்கள் வாங்கிய மீனைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

காஜா மொய்தீன் அதைப் பார்த்தார். கயிற்றுச் சுருளைத் தடவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளையிலருந்து வேற எடம் பாத்துக்கம்மா."

ஆவுடையம்மாள் எத்தனை மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் உட்கார்ந்த இடம். ஒருத்தன் கத்திய கத்தலில் போயிற்று.

ஞானதுரைக்கு அதுவும் போதவில்லை. டப்பைத் தூக்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தான். விரால்கள் கறுப்புத் தண்ணீரில் விழுந்து புரண்டன. ஆவுடையம்மாள் முட்டி போட்டு, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். பிடித்த ஒரு மீனும் நழுவித் தெருவில் விழுந்து, பெனிஷாவின் காலடியில் போய்த் துடித்தது.

பெனிஷா குனிந்து அதை எடுத்தாள். காலி டப்பில் போட்டாள். நேராக வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"அக்கா மேலருந்து கைய எடு" என்றாள்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. ஞானதுரை திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தான்.

"உன்னத் தொட்டது கர்த்தர் இல்ல. ஊறுகாயில நான் அரிஞ்சி போட்ட பச்ச விரால்."