இடத்துக்குச் சொந்தக்காரர்

“இடம் கொடுக்கிற ஆளு யாருன்னு இப்பவாவது சொல்லப் போறியா, இல்லையா?”

“இன்னும் கொடுக்கலைங்க. கொடுத்ததும் சொல்றேன்,” என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

மூன்று வாரமாக இதே பதில்தான். அவளும் அவள் தங்கையும் சேர்ந்து துணிப்பை தைத்து விற்க ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். பெயருக்கு அனுமதி வந்தாயிற்று. பதிவு அலுவலகம் என்று காட்ட ஒரு முகவரிதான் பாக்கி. குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், சுவரில் ஆணி அடித்தாலே மாடியிலிருந்து இறங்கி வருகிற ரகம். வாசலில் கம்பெனி போர்டு மாட்ட அவரா விடுவார்? அதனால் வேறு யாரோ ஒருவரின் இடம். அந்த யாரோ ஒருவர்தான் இவருடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆம்பளைதானே?”

“ஆமா.”

“எனக்குத் தெரிஞ்சவனா?”

“தெரிஞ்சவர்தான். மரியாதையாப் பேசுங்க.”

அந்த ‘வர்’ இவருக்குச் சுருக்கென்றது. “அப்படி என்ன பெரிய மனுஷன்?”

அவள் மெஷினை நிறுத்தினாள். “ஒரு காலத்துல கடை வச்சிருந்தவர். ஒண்ணும் வாங்கலேன்னாலும் வந்தவங்களை உக்கார வச்சுத் தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவார். பொருள்ல குறைன்னா மறுபேச்சு பேசாம மாத்திக் கொடுப்பார். அந்த மாதிரி மனுஷர் நின்ன இடத்துல ஆரம்பிச்சா எனக்கும் நல்லா வரும்னு ஒரு நம்பிக்கை.”

இவரும் ஒரு காலத்தில் கடை வைத்திருந்தவர்தான். நஷ்டப்பட்டு இழுத்து மூடி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது இன்னொருவர் கடையில் பில் போடுகிறார். அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம். அவளும் இன்றுவரை எடுத்ததில்லை. ஆனாலும் இந்த மூன்று வருஷத்தில் ‘நீங்க நல்லாத்தான் நடத்தினீங்க’ என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஊரான் கடைக்கு மட்டும் வாய் கொள்ளாத புகழ்ச்சி.

மறுநாள் காலையில் அவள் துடைப்பமும் வாளியுமாகக் கிளம்பினாள்.

“எங்கே பயணம்?”

“அந்த இடத்து வாசலைக் கழுவி, போர்டைச் சாத்தி வச்சு ஒரு போட்டோ எடுக்கணும். ஆடிட்டர் கேட்டிருக்கார்.”

“ஏன், சொந்தக்காரன் கழுவ மாட்டானா?”

“அவர் அந்தப் பக்கமே வர்றதில்லைங்க.”

“நம்ம வாசல் நாலு நாளாக் கூட்டாமக் கிடக்கு.”

“இன்னொரு துடைப்பம் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு,” என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “கொடுத்துடுவார்ங்க. நல்ல மனசு. கேட்கத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

பயமாம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் தன்னிடம் எதையும் கேட்க அவள் பயந்ததாக இவருக்கு நினைவே இல்லை. மனசுக்குள் உயரமான இடம் போட்டு வைத்திருக்கிறவனிடம்தானே இப்படித் தயக்கம் வரும்? மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஆடிட்டர் அலுவலகத்தில் போய் நின்றார். தான் யார் என்பதைச் சொன்னார்.

“வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்,” என்று ஆடிட்டர் நாற்காலியைக் காட்டினார். “கரண்ட் பில் இருக்கு. வாசல் போட்டோவும் இப்பத்தான் அனுப்பினாங்க. சொந்தக்காரர் ‘ஆட்சேபணை இல்லை’ன்னு கடிதத்துல கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பியாகணும். பெயருக்கான அனுமதி அன்னைக்கோட முடியுது.”

“எனக்கு ஆட்சேபணை இருக்கு.”

ஆடிட்டரின் முகம் மாறியது. “என்ன சார் இப்படிச் சொல்றீங்க?”

“அந்த இடத்துல என் பெண்டாட்டியோட கம்பெனி வரக் கூடாது.”

“அவங்க அந்த இடத்து மேல ரொம்ப ஆசையா இருந்தாங்களே.”

“அந்த ஆசைதான் எனக்குப் பிடிக்கலை.”

“வேற இடம் எதுவும் அமையலை சார். இதுவும் இல்லேன்னா விண்ணப்பமே விழுந்துடும்.”

“விழட்டும்.”

சொன்ன பிறகு, ஆறு மாதமாக மெஷின் முன்னால் குனிந்தே கிடக்கும் அவள் முதுகு கண்ணில் வந்து நின்றது. ஆனால் அந்த நல்ல மனசுக்காரனும் கூடவே வந்து நின்றதால், வார்த்தையை இவர் திரும்பப் பெறவில்லை.

ஆடிட்டர் பெருமூச்சு விட்டார். “சரி சார். நீங்களே வேண்டாம்னு சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்லை. இதுல உங்க வார்த்தைதான் கடைசி.”

தன் வார்த்தைதான் கடைசி என்று யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “அந்த மகராசன் யாருன்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன். கடிதத்தைக் காட்டுங்க.”

ஆடிட்டர் ஒன்றும் புரியாமல் இவரையே பார்த்தபடி, ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவித் திருப்பி வைத்தார். மூன்று வருஷமாக இவர் பூட்டியே போட்டிருக்கும் கடையின் முகவரி அதில் இருந்தது; கையெழுத்துக்காக விட்டிருந்த வெற்றிடத்துக்குக் கீழே, இனிஷியலோடு இவருடைய பெயர்.