நெற்றியில்லாத படம்

கல்லுடைக்கும் ஆலையில் பதினாறு வருஷம் தூசியைத் தின்று செத்துப்போன மாசிலாமணியை யாரும் போட்டோ எடுத்ததில்லை. இருந்தது ஒரே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. கருமாதியன்று அதைக் கேட்டு, அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வந்தார்.

"பல நாட்டு டாக்டருங்க சேர்ந்து மாதிரிப் படம் சேக்குறோம்மா. இனிமே எந்த நாட்டுத் தொழிலாளி நெஞ்சையும் இதோட ஒப்பிட்டுத்தான் நோயக் கண்டுபிடிப்பாங்க."

"அவரு பேரு போடுவீங்களா?" என்றாள் அவன் மனைவி வடிவு.

"நம்பர்தாம்மா."

"பொட்டு வச்சு மாலை போட்டுட்டுத் தர்றேன், இருங்க."

ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள். வெளிச்சத்தில் விலா எலும்புகளும், அவற்றுக்கிடையே தூசி படிந்த வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தன. படம் கழுத்துக்குக் கீழேதான் தொடங்கியது. சந்தனம் தொட்ட விரல், வெள்ளைப் புள்ளி விழாத ஓரிடத்தைத் தேடி அந்த நெஞ்சு முழுக்க அலைந்தது.