இரண்டாவது மணி நேரம்

சாப்பாடு முடிந்த தட்டுகள் தொட்டி நிறையக் கிடந்தன. அடுப்படி சிஸ்டர் கையை முழங்கைவரை மடித்துவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நெட்டை சிஸ்டர் ஜெபமாலையும் கையுமாக வாசலைத் தாண்டிப் போனார். உள்ளே ஒரு பார்வைகூட இல்லை. நேரே கோவிலுக்கு.

"போறாங்க. இனி சாயங்காலம்தான் தரிசனம்," என்றார் அடுப்படி சிஸ்டர், கையிலிருந்த குண்டானிடம்.

பாத்திரங்களோடு பேசுவது அவர் வழக்கம். அவைதாம் மடத்துத் தலைவி மதரிடம் போய் வத்தி வைக்காதவை.

அது சின்னக் கன்னியர் மடம். ஒட்டினாற்போல, படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களுக்கு ஓர் இல்லம். கஞ்சி ஊட்ட, உடம்பு துடைக்க, ஈரத்துணி மாற்ற என்று அங்கே வேலை ஓய்ந்த நேரம் கிடையாது.

மடத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. மதியச் சாப்பாட்டிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை, கோவில் பீடத்தில் வைத்திருக்கும் நற்கருணைக்கு முன்னால் யாராவது ஒருவர் ஜெபத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். முறை முடிந்ததும் அவரவர் எழுந்து வந்து துடைப்பத்தை எடுப்பார்கள். நெட்டை சிஸ்டர் மட்டும் எழுந்திருக்கவே மாட்டார். அடுத்த மணி நேரமும் அங்கேயே, கண்ணை மூடிக்கொண்டு.

அடுப்படி சிஸ்டருக்கு அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. அவர் கோவிலில் தனியாக உட்கார்ந்தே பல மாதம் ஆகிறது. வார்டில் ஆள் பத்தவில்லை, அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மதரிடம் சொல்லித் தன் முறையை விட்டுவிட்டார்.

வேலை என்பது சாக்குதான். ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பிக்காக அந்தக் கோவிலில்தான் மண்டியிட்டுக் கெஞ்சினார். தம்பி பிழைக்கவில்லை. அதற்கப்புறம் எல்லாரோடும் சேர்ந்து பூசையில் நிற்க முடிந்தது. அந்த அமைதியில் தனியாக உட்காரத்தான் முடியவில்லை. ஜெபத்துக்குப் பதில் கோபம் வந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தன்னால் முடியாததை இன்னொருத்தர் மணிக்கணக்கில் செய்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரியாது?

அன்றைக்கு வார்டில் ஒரு பெரியவர் வாந்தி எடுத்தார். அவரைத் துடைத்து, விரிப்பை மாற்றி, அடுப்படி சிஸ்டர் ஓடி வருவதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. ஒரு கை உதவிக்கு ஆள் இல்லை. இவருடைய பொறுமையும் பாலோடு போயிற்று.

ஈரக் கையோடு மதர் அறைக்குப் போனார். மதர் முதியவர்களின் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"கடவுள் கோவிலுக்குள்ள மட்டும்தான் இருக்காரா மதர்? வார்டுல படுத்துக் கிடக்கிறவங்ககிட்ட இல்லையா?"

யாரைப் பற்றி என்று மதர் கேட்கவில்லை. இவரே கொட்டித் தீர்த்தார். ஒரு மணி நேரம் ஜெபம், சரி. அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது ஜெபமா, சோம்பேறித்தனமா என்றுகூடக் கேட்டுவிட்டார்.

மதர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அடுப்படியில கொஞ்சம் கை கொடுங்கன்னு நானும் அவங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். அந்த நேரத்துல மட்டும் முடியாதுன்னுட்டாங்க."

"பார்த்தீங்களா மதர்."

"ஏன்னு அவங்ககிட்டயே கேளுங்க. நான் சொல்லக் கூடாது."

கேட்டுவிடுவது என்றே அடுப்படி சிஸ்டர் கிளம்பினார். கோவில் கதவைத் தள்ளினார். உள்ளே நெட்டை சிஸ்டரைத் தவிர யாரும் இல்லை. அந்த அமைதி இவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கோபம்தான் பிடித்துத் தள்ளியது.

பெஞ்சுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"உங்க நேரம் முடிஞ்சு எவ்வளவோ ஆச்சு சிஸ்டர். எழுந்திரிச்சு வாங்க."

நெட்டை சிஸ்டர் கண்ணைத் திறந்தார். இவரைப் பார்த்ததும் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எழுந்திருக்கவில்லை, நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"என்னோடது அப்பவே முடிஞ்சுபோச்சு. இது உங்க நேரம் சிஸ்டர். தம்பி போனதுலேர்ந்து உங்களால இங்க உக்கார முடியலைன்னு தெரியும். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்களுக்குப் பதிலா நான் இருக்கேன்னு மதர்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன்."